லண்டனில் நனைக்காத கை

புதுச்சத்திரம்
சித்திரை 26, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் கதிர்வேலுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்குச் சுகம், மூன்று கொட்டகைக் கோழிகளும் சுகம், உன் சுகத்தைத்தான் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. ஐந்து வாரமாகப் போன் போட்டால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய், ஞாயிற்றுக்கிழமையுமா வெள்ளைக்காரன் மீட்டிங் வைக்கிறான். வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் கேட்டுவிட்டாய் என்று நீல டிக் மட்டும் வருகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் கடிதம். உன்னோடு பள்ளியில் படித்த பிரபாகர் வருகிற வியாழக்கிழமை லண்டனுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து உன் கையிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். கூடவே கொள்ளுப்பொடியும் பருப்புப்பொடியும் வருகிறது, பொடியை மட்டும் எடுத்துக்கொண்டு கடிதத்தை மேசை மேல் போட்டுவிடாதே. கடைசி வரி வரைக்கும் படி. பாதிக்கு மேல்தான் விஷயமே இருக்கிறது.

இங்கே வெயில் ஆளைக் கொல்கிறது. கொட்டகையில் தண்ணீர் பீச்சும் குழாய் பகலெல்லாம் ஓடியும் கோழிகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன, தீவனம் எடுப்பது குறைந்து முட்டை ஓடு மெலிந்துவிட்டது, ட்ரேயில் அடுக்கும்போதே விரல் பட்டு விரிகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், நீ வாங்கிக் கொடுத்த உறையை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் நடந்தார், வேர்க்கிறது என்று கழற்றி வண்டிப் பெட்டியில் போட்டுவிட்டார். முட்டை எடுக்க வருகிற பாவாயியின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. உன் போட்டோவைக் காட்டி லண்டன் மாமா என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கிறாளாம், குழந்தைக்குப் பதினெட்டு நாள்தான் ஆகிறது, அவள் அவசரம் அப்படி. நீ காலையில் வெறும் வயிற்றில் அந்தக் கறுப்புக் காப்பியைக் குடிப்பதை நிறுத்து. போன வாரம் வைத்த குழம்பைப் பெட்டியில் போட்டுச் சூடு பண்ணித் தின்பதையும் நிறுத்து. ஒரு மாதம் உன் அறையில் இருந்து பார்த்தவள் சொல்கிறேன், உன் பிரிட்ஜில் இருந்ததை எங்கள் கோழிகூடத் திரும்பிப் பார்க்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த இந்தியன் ரெஸ்டாரண்ட். நாங்கள் ஊர் திரும்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் கடைசியாக ஒரு நல்ல இடத்தில் சாப்பிடலாம் என்று அழைத்துப் போனாயே, அதைத்தான் சொல்கிறேன். அதற்கு வைத்திருக்கிற பெயர் என் வாயில் நுழையாது, நுழைந்தாலும் எழுத மாட்டேன். உள்ளே போனதும் கண் தெரியவில்லை. குஞ்சுக் கொட்டகையில்கூட அதைவிட நல்ல வெளிச்சம் இருக்கும். நம் ஊரில் கரண்ட் போனால் மெழுகுவர்த்தி கொளுத்துவோம், அவர்கள் கரண்ட் இருக்கும்போதே மேசைக்கு ஒன்றாகக் கொளுத்தி வைத்து, அதற்கு வெள்ளைக்காரர்கள் வெளியே குளிரில் வரிசையில் நிற்கிறார்கள். சுவரில் ஒரு லாரியின் முகப்பு. மயிலும் தாமரையும் வரைந்து, எலுமிச்சம்பழம் மிளகாய் கட்டி, ஒரு பக்க விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டு. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவன் எவனாவது அதைப் பார்த்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பான். அப்பா எழுந்து போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, தகரங்கூட இல்ல, அட்ட, என்று என் காதில் சொன்னார். இன்னொரு சுவரில் முறம். சாணி மெழுகாத புது முறம், நடுவில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். எனக்கு அப்போதே பசி பாதி போய்விட்டது.

பரிமாற வந்த பெண் என்ன கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா. இதற்கு முன்னால் நீங்கள் இந்தியச் சாப்பாடு சாப்பிட்டதுண்டா என்று கேட்டாள். நீ அதைத் தமிழில் சொன்னபோது உனக்கே சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. அறுபத்திரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லடா என்றேன், நீ சொல்லவில்லை. பிறகு வந்ததே ஒவ்வொன்றாக. ஒரு கருங்கல் பலகையில் மூன்றே மூன்று தட்டுவடை செட், மேலே ஒரு பூ. செவ்வாய்ப்பேட்டையில் சந்து முனையில் நின்று, சட்டினி கையில் வழிய வழியத் தின்கிற சாமானுக்குக் கல் பலகை எதற்கு, பூ எதற்கு. அதில் பீட்ரூட்டை மயிரிழை போலச் சீவி வைத்திருந்தார்கள், பூண்டுச் சட்டினியை வேப்பெண்ணெய் விடுகிற மாதிரி மூன்று சொட்டு. அப்புறம் ரசம், மருந்து குடிக்கிற கண்ணாடிக் குவளை அளவுக்கு, அதையும் மெல்ல மெல்ல உறிஞ்சுங்கள் என்று அந்தப் பெண் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். வாழையிலையை வட்டமாக வெட்டி அதன் மேல் பீங்கான் தட்டை வைத்திருந்தார்கள், தட்டு வழுக்காமல் இருக்க இலை போலிருக்கிறது. முட்டைக் குழம்பு என்று ஒன்று வந்தது. முட்டையைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம், கத்தி வைத்ததும் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம், காலையில் அவித்து வைத்ததைச் சாயங்காலம் குழம்பில் போட்டுத் திரும்ப வேகவைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். பள்ளிபாளையம் சிக்கன் என்று எழுதி, குடமிளகாயும் வெண்ணெய்க் குழம்புமாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பள்ளிபாளையம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியுமா என்று நான் சத்தமாகவே கேட்டேன். சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், தேங்காய்ச் சில்லு, மஞ்சள்தூள், கறிவேப்பிலை, இதற்கு மேல் ஒரு சாமான் போட்டால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும். முள்கரண்டியால் ஒரு துண்டைக் குத்தி வாயில் போட்டேன். இனித்தது. கோழி இனித்தது கதிர்வேலு.

அந்த நேரத்தில்தான் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் கீற்றாகத் திருநீறு, கும்பிட்டுக்கொண்டே வந்து, வாங்கம்மா, வாங்கய்யா, நானும் நம்ம பக்கந்தானுங்க, குமாரபாளையமுங்க, குமாரசாமின்னு பேரு, எங்கண்ணன் ஈஸ்வரு இன்னும் அங்கதான் லுங்கிக் கடை வெச்சிருக்கறாருங்க, என்றார். பள்ளிபாளையத்துக்குப் பக்கத்து ஊர்க்காரனா இந்தக் கூத்தைப் பண்ணினான் என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கேட்டும் விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளாமல், இங்க இருக்கறவங்க நாக்குக்குத் தக்கனதானுங்க பண்ண முடியும், என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை. அப்போதுதான் அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணை முன்னால் இழுத்து, அம்மா, இவதான் தமிழினி, இது அவங்க கடை, என்றாய் நீ. ஒரு பெண் இருக்கிறாள், கூட வேலை செய்கிறாள், ஊருக்குப் போவதற்குள் காட்டுகிறேன் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய், நானும் அப்பாவும் இன்று கூட்டி வருவானா நாளை கூட்டி வருவானா என்று தினமும் வீட்டைத் துடைத்து வைத்துக் காத்திருந்தோம். நீ எங்களைக் கடைக்குக் கூட்டிப் போய், பாதித் தின்ற வாயோடு இருக்கும்போது சொல்கிறாய். உனக்கு அது ஒரு விளையாட்டு. சந்தோசமாக அதிர்ந்து போவோம் என்று நினைத்திருக்கிறாய்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், உனக்கு இது தெரியாது என்று எனக்கு இப்போது தெரிகிறது. ஆறாவதிலிருந்து உன்னை ஹாஸ்டலில் போட்டுவிட்டோம், நல்லது கெட்டதுக்கு நீ வந்து நின்று பார்த்ததில்லை. பெண் வீட்டுக்குப் போனால் பேச்சு முடிகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் அங்கே கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம், அதற்கு மேல் ஒரு வாய் சோறு சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சம்மதம் இல்லாவிட்டால் இலை போட்டாலும் கும்பிட்டு எழுந்து வந்துவிடுவார்கள், வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டியதே இல்லை. முதலில் பேச்சு, பிறகு சோறு, அதுதான் முறை. நீ அதைத் தலைகீழாக வைத்தாய். ஆனாலும் அதுவரை நாங்கள் தின்றது கடைச் சோறு, காசு கொடுத்துத் தின்பது, அதற்குக் கணக்கில்லை. அடுத்து வந்ததுதான் கடைச் சோறு இல்லை. உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் அம்மா சாரதாமணி ஒரு எவர்சில்வர் போசியைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு வந்தார். கடைச் சாமான் இல்லீங்க, எங்க ஊட்டுக்குன்னு பண்றது, நீங்க வாரீங்கன்னு நானே பண்ணுனேன், கை வெச்சுச் சாப்பிடுங்க, என்று சொல்லி, வேறு தட்டு வைத்து எனக்கும் அப்பாவுக்கும் போட்டார். அது பள்ளிபாளையம் சிக்கன். கடையில் எழுதி ஒட்டியிருந்தது இல்லை, நிஜமானது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நீ பார்த்ததும் நான் பார்த்ததும் ஒன்றில்லை. நான் தட்டை முன்னால் தள்ளி வைத்தேன். போதும் என்றேன். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர் என்னைப் பார்த்தார், அவரும் கையை மடியில் வைத்துக்கொண்டார், பாவம், அன்றைக்கு மத்தியானமும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. குமாரசாமி தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இருபத்தாறு வருடம் லண்டனில் இருந்தாலும் அவருக்கு அது புரிந்துவிட்டது, முகம் சுண்டிப் போயிற்று. அத்தோடு நிறுத்தினேனா, உன்னைப் பார்த்து, பில் கொண்டுவரச் சொல்லு சாமி, நேரமாகுது, என்றேன். பில்லெல்லாம் இல்லீங்கம்மா, என்றார் அவர். கடைன்னா பில்லு இருக்குமுங்களே, என்றேன் நான். நீ எழுந்து போய் அந்தக் கார்டைத் தேய்த்துவிட்டு வந்தாய். சாரதாமணி போசியை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பெண் தமிழினி மட்டும் வாசல் வரைக்கும் வந்து, பார்த்துப் போங்க அத்தை, படி இருக்குது, என்று என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். மறுநாள் விமானம் ஏற்றிவிடும்போது நீ எங்கள் இரண்டு பேர் காலையும் தொட்டுக் கும்பிட்டாய், ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் ஊர் வந்து சேர்ந்த நாளன்று ஒரே ஒரு செய்தி அனுப்பினாய். உங்களுக்குப் பிடிக்கலைன்னா வாயால சொல்லியிருக்கலாம்மா, அவங்க அப்பா இனிமே இந்தப் பேச்சு வேண்டாம்னுட்டாரு, தமிழினியும் அழுதுட்டு என்கூடப் பேசறதில்ல. அதுதான் நீ எனக்கு எழுதிய கடைசி.

நான் அதற்கு என்ன பதில் போட்டேன். சாப்பாடு நல்லாயில்லை, அதனால் சாப்பிடவில்லை, இதற்குப் போய் இவ்வளவா என்று போட்டேன். அப்பாவிடமும் அதையே சொன்னேன், கேட்கிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். வாய்க்கு ருசியாக இருந்தது சொல்வதற்கு. லண்டன் எப்படி இருந்தது என்று ஒருத்தி கேட்டால் போதும், மெழுகுவர்த்தியில் ஆரம்பித்து முறத்தில் ஆணி அடித்தது வரைக்கும் சொல்வேன், முட்டையின் பச்சை வளையத்தைச் சொல்வேன், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். போன வாரம் புதன்கிழமை ராசிபுரத்தில் ஒரு மண்டபத்தில் நம் சொந்தத்தில் காதுகுத்து. பந்தியில் எனக்கு இரண்டு இலை தள்ளி உன் அத்தை ராசம்மாள் உட்கார்ந்திருந்தாள். என் நாத்தனார் வாய் உனக்குத் தெரியும், சொல்லிக்கொடுத்ததை இரண்டு மடங்காகத் திருப்பிச் சொல்கிற வாய். அவள் பக்கத்தில் இருந்தவர்களிடம் நான் சொன்ன கதையையே சொல்லிக்கொண்டிருந்தாள், அதே கல் பலகை, அதே மூன்று சொட்டுச் சட்டினி. கடைசியில், வேற சனம் வேற, அது போதாதுன்னு ஓட்டல்ல தட்டுக் கழுவறவன் பொண்ணு, எங்க அண்ணி நல்ல வேளை எட்டி ஒதச்சுட்டு வந்துட்டா, என்றாள். சுற்றி உட்கார்ந்திருந்த எல்லாரும் சிரித்தார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் அவள் சொன்னதற்கு விதை என் வாயிலிருந்துதான் போயிருக்கிறது. எட்டி உதைத்தேன் என்றதும் எனக்கு அந்தப் பெண் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டது நினைவுக்கு வந்தது. நீ உன் இலையைப் பார்த்துச் சாப்பிடு ராசம்மா, அவங்க பொண்ணப் பத்திப் பேசறதுக்கு உனக்கு என்ன இருக்குது, என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை. அதில் எனக்கு ஒரு நட்டமும் இல்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். அப்பாவிடம் கடிதம் எழுதுங்கள் என்றேன். நீதான வட்டலத் தள்ளுன, நீயே எழுது, என்னைய அதுல சேக்காத, என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். அதனால் நானே எழுதுகிறேன். மேலே கடையைத் திட்டி எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை, அது கண்றாவிக் கடைதான், அதில் நான் பின்வாங்க மாட்டேன். ஆனால் தட்டைத் தள்ளியதற்குக் காரணம் அது இல்லை. சாரதாமணி போசியைத் திறந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, வாசமே சொல்லிவிட்டது. மிளகாயைக் கிள்ளி விதையை உதிர்த்துப் போட்டிருந்தார், தேங்காய்ச் சில்லு ஓரம் சிவந்திருந்தது, தண்ணீர் ஒரு சொட்டும் விடாமல் வெங்காயத்தின் ஈரத்திலேயே வேகவைத்த கறி. நான் செய்வதைவிட நன்றாக இருக்கும் என்று தின்னாமலே தெரிந்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அவர் எங்களுக்குப் போடுவதற்கு முன்னால் நீ கையை நீட்டி, போசியிலிருந்தே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாய். ஏப்பா, பழக்கம் போகுதா பாரு, மூணு வருசமா இதே வேலதான், என்று அவர் உன் கையில் செல்லமாகத் தட்டினார். மூன்று வருடம் கதிர்வேலு. நான் ஒரு மாதம் உன் அறையில் நின்று ஆக்கிப் போட்டேன், நீ வைத்ததைப் பேசாமல் தின்றாய், ஒரு நாளும் இன்னொரு கரண்டி கேட்கவில்லை, போசியில் கை விடவில்லை. பதினொரு வயதில் உன்னை ஹாஸ்டலில் விட்டேன், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் உட்கார வைத்து அரிசிம்பருப்புச் சோறு போடுவேன், நீ நல்ல பிள்ளையாகச் சாப்பிட்டுவிட்டு, போதும்மா, நேரமாச்சு, போயிட்டு வாங்க, என்பாய். அப்புறம் காலேஜ், அப்புறம் சென்னை, அப்புறம் லண்டன். என் கைச் சோறு உனக்கு விருந்தாளிச் சோறாகவே இருந்துவிட்டது. யாரோ ஒரு பெண்ணின் அடுப்படியில் நீ வீட்டுப் பிள்ளையாகக் கை விடுவதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சோற்றில் நானும் கை நனைத்துவிட்டால் நீ அங்கேயே போய்விட்டாய் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. அதுதான் காரணம். வேறு சனம் என்ற தயக்கம் ஒரு ஓரத்தில் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் தட்டைத் தள்ளியது பொறாமைதான். அந்தப் பெண்ணிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எழுதிவிட்டால் மட்டும் ஆயிற்றா. அன்றைக்கு நான் செய்தது வாய் வார்த்தை இல்லை, வாய் வார்த்தையால் திருப்ப முடியாது. அதனால் நேற்றுக் காலையில் நானும் அப்பாவும் நாமக்கல் போய், திருச்செங்கோடு பஸ் பிடித்து, அங்கிருந்து மாறி குமாரபாளையம் போனோம். பஸ் ஸ்டாண்டில் விசாரித்தால் மூன்று ஈஸ்வர் லுங்கிக் கடை இருக்கிறது. இரண்டு கடை ஏறி இறங்கி, மூன்றாவது கடையில்தான் லண்டன்ல தம்பி இருக்கறவருங்களா என்றதற்கு, நான்தானுங்க, நீங்க யாருங்க, என்று எழுந்து நின்றார். குமாரசாமிக்கு அண்ணன், அதே முகம், கொஞ்சம் நரைத்த முகம். புதுச்சத்திரம் கோழிப்பண்ணை சின்னுசாமி, பையன் லண்டன்ல இருக்கறான், என்று அப்பா சொன்னதும் அவர் முகம் இறுகிவிட்டது. தம்பி எல்லாஞ் சொன்னானுங்க, என்றார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லாதது நியாயம்தான். உங்க ஊடு எங்கீங்க, என்று நான் கேட்டேன். கடைக்குப் பின்னாலதானுங்க, என்றார். போலாமுங்களா, என்றேன். அவருக்கு மாட்டேன் என்று சொல்ல வரவில்லை.

மணி இரண்டு இருக்கும். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அவர் சம்சாரம் உஷாராணி வந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தார், கொடுத்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னேன், சம்பந்தம் பேச வந்திருக்கறமுங்க, பேச்ச அப்புறம் வெச்சுக்கலாம், மொதல்ல சோறு போடுங்க. உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. உஷாராணிக்குக் கை கால் ஓடவில்லை. ஐயோ, ஒண்ணுமில்லீங்களே, தட்டப்பயிறுக் கொழம்பும் ரசமும்தானுங்க மிச்சம், அரமணி நேரம் இருங்க, கோழி எடுத்தாரச் சொல்றேன், என்றார். இருக்கறதப் போடுங்க, நாங்க கோழி பாக்காதவங்களா, என்றேன். ஈஸ்வர் அதுவரை நின்றுகொண்டே இருந்தவர், பின்கட்டுக்குப் போய் அவரே இரண்டு இலை அறுத்துக்கொண்டு வந்தார். நானும் அப்பாவும் கை கழுவிவிட்டு வந்து கீழே உட்கார்ந்தோம், முழங்கால் வலியோடு அவரும் சம்மணம் போட்டார். சோறு ஆறிப்போயிருந்தது. தட்டப்பயிறு வேகாமல் நெருடியது. ரசத்தில் உப்புத் தூக்கல், யாராவது சொல்லிக் கொடுத்தால் தேவலை. நான் முதல் வாயை எடுத்து வைத்தபோது ஈஸ்வர் சுவர்ப் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினேன். ரசத்தையும் கேட்டு வாங்கினேன். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

சாப்பிட்டு எழுந்ததும் ஈஸ்வர் தம்பிக்குப் போன் போட எடுத்தார். வேண்டாமுங்க, தட்டத் தள்ளுனவ நானு, சேதியும் எங்கையால போகட்டும், என்று தடுத்துவிட்டேன். அதனால் இன்னும் அங்கே யாருக்கும் தெரியாது, இந்தக் கடிதம்தான் சேதி. பிரபாகர் கொண்டுவந்து கொடுத்த அன்றைக்கே நீ அவர்கள் வீட்டுக்குப் போ, கடைக்கு இல்லை, வீட்டுக்கு. குமாரசாமி, சாரதாமணி, தமிழினி மூன்று பேரையும் உட்கார வைத்து நீயே வாசித்துக் காட்டு. சாரதாமணியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லு, அவர் என்னைவிட இளையவராக இருந்தாலும் கேட்டதாகச் சொல்லு. அவர்கள் கதவைத் திறக்காவிட்டால் மறுநாளும் போ. அப்பாவுக்கும் எனக்கும் விசா இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, ஆவணியில் வருகிறோம், வந்தால் நேராக அவர்கள் வீட்டில்தான் முதல் சோறு, அதற்குப் பிறகுதான் உன் அறை. திருச்செங்கோட்டு மலையான் உன்னையும் அந்தப் பெண்ணையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். வெறும் வயிற்றில் காப்பி வேண்டாம், குளிரில் காதைக் கட்டிக்கொள், போன் போட்டால் எடு.

ஒன்றை மறந்துவிடாதே. வாசிக்கும்போது கடையைத் திட்டியிருக்கிற பக்கங்களைத் தாண்டிப் போகாதே, மெழுகுவர்த்தி, முறம், பச்சை வளையம் எல்லாவற்றையும் சேர்த்துச் சத்தமாக வாசி. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். சம்பந்தியான பிறகு எப்படியும் அவர்களுக்குத் தெரியப்போகிற குணம்தானே.

இப்படிக்கு,
உன் மேல் என்றும் பாசமுள்ள அம்மா,
சி. சௌந்திரம்